ஒரு சாண் நட்சத்திரம்

எண்ணெய் விட்டால் இளகிவிடும். அதுதான் பயம்.

சர்ரீன், துருவேறி இறுகிப்போன, வட்டம் போடும் கவராயத்தை முக்காட்டின் மடிப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

கணவன் பெஹ்ரூஸ் எண்ணெய்க் கிண்ணத்தோடு தள்ளி நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செங்கல் வெட்டிச் சுவரில் பதிப்பது அவன் வேலை. அதற்கு முன், தரையில் சாந்து பூசி, முழு அளவில் கோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

“ஒரு விரக்கடை விரிச்சாப் போதும், தங்கச்சி,” என்றார் மேஸ்திரி தௌலத். “சந்தையில நின்னு பார்த்தாலே நட்சத்திரம் தெரியணுமாம் அமீருக்கு. இல்லேன்னா தப்ரீஸ் ஊர்க்காரன் எவனாவது வந்து உக்காந்துக்குவான், உங்க ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். துருப்பிடிச்ச இரும்பைத் தாயத்து மாதிரி முடிஞ்சு வச்சிருக்கியே, பேய் கீய் அடிச்சிருமா? சரி, என்னோடதைத் தர்றேன். அதுல பெருசாப் போடு.”

பெஹ்ரூஸ் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

மராகா ஊரில் அமீர் எழுப்பும் இந்தக் கோபுரத்துக்கு அவள் வரைந்ததெல்லாம் இந்த ஒரே அகலத்தில்தான். ஒரு வட்டம். அதன் விளிம்பில் முள்ளை ஊன்றி இன்னொரு வட்டம். வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக்கொண்டே போனால் ஐந்து முனை வரும், பத்து முனை வரும். கவராயத்தை அசைக்கவே வேண்டாம்.

இதுவரை முடிந்த மூன்று பக்கச் சுவர்களும் அப்படித்தான் எழும்பின. என்ன கைச்சுத்தம் என்று இதே மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கைச்சுத்தம் இல்லை அது.

முன்பு ஒருநாள், ஈரச் சாந்தில் ஒரு சின்னக் கை அழுந்தியிருந்தது. கட்டைவிரல் நுனியில் கவராயத்தின் ஒரு காலையும் சுண்டுவிரல் நுனியில் மறு காலையும் வைத்தபோது, கூசுது கூசுது என்று நெளிந்து சிரித்தாள் மகள். அந்த அகலத்திலேயே கவராயத்தின் மூட்டு ஆணியை அடித்து இறுக்கினான் பெஹ்ரூஸ். வருஷா வருஷம் எண்ணெய் விட்டு விரித்துக்கொள்ளலாம், இவள் வளர வளர என்றான்.

அடுத்த வருஷம் எண்ணெய் தேவைப்படவில்லை.

மேஸ்திரி தன் கவராயத்தை நீட்டியபடியே நின்றார். பளபளவென்று இருந்தது. நன்றாக விரியக்கூடியது.

சர்ரீன் அதைத் தொடவில்லை.

“இதுக்கு மேல பெருசா எனக்குப் போட வராதுண்ணே,” என்றாள் மெதுவாக. “அவ இதுக்கு மேல வளரலியே.”