ஆஸ்லாக்கின் காதுக்குறி

2023 ஜூலை 4, வடக்கு ஸ்வீடன். துருவமான்கள் கன்று ஈனும் நிலத்தைப் பீரங்கிப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்கும் தாளில், சாமி இனத்து மான்மேய்ப்பன் யொவ்னா கையெழுத்திட மறுநாளே கடைசி நாள்.

அன்று அவனும் தங்கை ரிஸ்தினும் புதுக் கன்றுகளின் காதில், மான் யாருடையது என்று காட்டும் தங்கள் குறியை வெட்டப் போனார்கள்.

“கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடு அண்ணா. முறைச்சுக்கிட்டு நின்ன பெரியண்ணன் என்னத்தைக் கண்டாரு?”

“வாயை அப்புறம் ஆட்டு. கன்னுக்குட்டியைப் பிடி.”

பெரியண்ணன் ஆஸ்லாக் தன் நிலத்தை ராணுவத்திடம் இழந்தவர். இறந்து ஒன்பது வருடமாகிறது. அவருடைய குறியை அதன்பின் யாரும் வெட்டியதில்லை.

ரிஸ்தின் கன்றை அமுக்கினாள். இடது காதில் ஆஸ்லாக்கின் இரட்டை வெட்டு இருந்தது. புண் ஆறி, பல வருடப் பழசுபோல் முடி முளைத்திருந்தது.

“அண்ணா, இது பொறந்தே ரெண்டு மாசம்தானே?”

யொவ்னா அடுத்த கன்றைப் பிடித்தான்.

மாலைக்குள் நாற்பத்தொரு கன்றுகளையும் பார்த்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் அதே இரட்டை வெட்டு. கத்தி உறையிலேயே இருந்தது.

யொவ்னா கையெழுத்திடவில்லை. செப்டம்பரில் ராணுவத்தின் வேலி வந்தது.