அத்தான் விற்கும் கார்

திறந்த பானெட்டுக்குள் டார்ச்சை அடித்துக் குனிகிறார் மெக்கானிக். காரை விற்பவர் அவருடைய அக்கா கணவர். வாங்க வந்தவள் அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க நினைப்பவள். "கம்பெனில பூட்டுன இன்ஜின்மா, ஒருத்தரும் கை வைக்கல," என்று மூன்றாம் முறையாகச் சொல்கிறார் அத்தான். ஊர்ந்துபோன வெளிச்சம் இன்ஜினின் மேல்மூடி ஓரத்தில் நின்றுவிடுகிறது. அங்கே புதுப் பசை பிதுங்கியிருக்கிறது; போல்ட் தலைகளில் ஸ்பானர் கடித்த தடம் பளபளக்கிறது. "என்ன மாப்ள, நல்லாத்தானே இருக்கு?" அத்தானின் கை அவர் தோளை அழுத்துகிறது. அவள் மெக்கானிக்கின் வாயையே பார்க்கிறாள். பூசி மெழுகிவிடலாம்தான், ஆனால் அது இவள் வயிற்றில் அடிப்பதாகிவிடும். டார்ச்சை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறார். "பிரிச்சு மறுபடி பூட்டுன இன்ஜின்மா இது." அத்தான் குரலைத் தாழ்த்துகிறார்: "வீட்டுக்கு வந்து இத உங்கக்காகிட்டயும் நீயே சொல்லிடு."