மூடாத நாலடி

எல்லைக்கோடு மனையைச் சுற்றி வந்து கடைசிப் புள்ளியில் நின்றுகொண்டது. முதல் புள்ளியோடு சேர மாட்டேன் என்றது.

இடையில் நாலடி. சரியாக நாலடி.

திரை முழுக்க டப்பா டப்பாவாக இருந்தது. இந்த மென்பொருளில் கோடு போட ஒரு டப்பா, கோட்டை உள்ளே தள்ள ஒரு டப்பா, அதன் மேல் கூரையை எழுப்ப இன்னும் சில டப்பாக்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் இழுத்துவிட்டால் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். ஒரு எண்ணை மாற்றினால் கட்டடமே மாறும். ஆனால் ஒரு டப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் சிவந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பவையெல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

காலையிலிருந்து பதினொரு டப்பாக்கள் சிவப்பாக இருந்தன.

இரண்டாயிரத்து ஒன்பதில் காஞ்சிபுரத்திலேயே இதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அலட்டிக்கொண்டிருந்தேன். நன்றாக வேண்டும் எனக்கு.

கட்டடம், வாலாஜாபாத் சாலையில் வரப்போகும் ஒரு கல்யாண மண்டபம். காலி மனையைச் சுற்றிப் பழைய மதில், கால்வாயை ஒட்டி வளைந்து வளைந்து போகும். வாசலையும் சேர்த்து இருபத்துநாலு பக்கம். அதே வளைவில் பத்தடி உள்ளே தள்ளிக் கூரை. நான் தனியாகச் செய்த முதல் வடிவம் அது. நாலு மணிக்குள் வரைபடம் வரவில்லை என்றால் தகர ஷீட்டைப் போட்டு முடித்துக்கொள்வதாக மண்டபக்காரர் சொல்லியிருந்தார்.

மணி மூன்றே கால்.

மனை எங்கள் தெருவுக்குப் பக்கம் என்பதால், அளக்கும் வேலையை நானே கேட்டு வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை டேப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அம்மாவும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தோம்.

அம்மாவைச் சந்தேகப்பட முடியாது. நூறு நாள் வேலையில், தோண்டிய குழியைக் குறைத்து அளப்பவர்களிடம் சண்டை போட்டே பழகியவள். டேப் கொஞ்சம் தொய்ந்தாலும் மறுபடி இழுக்கச் சொன்னாள்.

நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன். சரி. குறுக்கு அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் கோடு ஏன் மூடவில்லை?

பட்டாவோடு இருந்த படத்தில் எல்லை ஒழுங்காக மூடித்தான் இருந்தது. வெயிலில் டேப் நீளுமா? நீண்டாலும் நாலடியா நீளும்? எதை நம்புவதென்றே தெரியவில்லை. திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

அலுவலகத்துக்குச் சொந்தக்காரரான முரளீதரன் சார் பின்னால் வந்து நின்றார். எதற்கும் கத்தாத மனிதர்.

"டேப்ல அளந்தா இப்படித்தாம்பா, எங்கயும் ஒழுங்கா மூடாது. அந்த நாலடியை எல்லாப் பக்கத்துக்கும் பிரிச்சுக் குடுத்துடு. பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச். யார் கண்ணுக்கும் தெரியாது."

இது ஏமாற்று வேலை இல்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததுதான். பிழையை ஒரே இடத்தில் விட்டால் தெரியும், பங்கு போட்டால் காணாமல் போய்விடும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

எண்ணை நகர்த்தி மாற்றும் ஒரு ஸ்லைடரை வைத்து ஒயரை இழுத்தேன். பூஜ்யத்தில் இருந்தால் நாலடி இடைவெளி, ஒன்றுக்குப் போனால் இடைவெளியே இல்லை. மெல்ல நகர்த்தினேன். மதில்கள் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்தன. இரண்டு முனைகளும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன.

பதினொரு டப்பாக்களும் ஒரே நேரத்தில் சிவப்பை விட்டன. கூரை எழுந்தது.

இவ்வளவு அழகாக இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. சார் என் தோளில் தட்டி, பிரிண்ட் கொடுக்கச் சொல்லிவிட்டு, மண்டபக்காரரிடம் பேச உள்ளே போனார். பிரிண்ட் கொடுத்தேன்.

ஆனாலும் அந்த நாலடி உறுத்தியது. பிழை என்றால் மூன்றடி ஏழங்குலம் என்று கோணல்மாணலாக வர வேண்டும். இது முழுசாக நாலடி. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அன்னிக்குக் கடைசியா டேப்ப எங்க புடிச்சிக்கினு இருந்த?"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. எங்கோ நடந்துகொண்டிருந்தாள்.

"நம்ம வழியாண்டதாம்பா. உள்ள வந்ததும் இந்தாண்ட சுவத்துல ஆரம்பிச்சோம், சுத்திக்கினு வந்து அந்தாண்ட சுவத்துல முடிச்சோம். நடுவுல நாம நடக்கறது. அத்த எதுக்கு அளக்கணும்?"

எங்கள் தெருவுக்கு வேறு வழி கிடையாது. அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில் நுழைந்து, காலி மனையைக் கடந்துதான் சாலைக்கு வர வேண்டும். பள்ளிக்கூடம், கல்லூரி, இந்த வேலை, எல்லாவற்றுக்கும் அதில்தான் வந்தேன். இன்று காலையிலும் அதில்தான் வந்தேன். வந்து உட்கார்ந்து, நாள் முழுக்க அதைப் பிழை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டாவில் வழி என்று ஒன்று இல்லவே இல்லை. எல்லையை மூடிய இந்த வரைபடம் போனால் அங்கே சுவர் வரும்.

"இப்பகூட அதுலதான் வந்துக்கினு இருக்கறேன்" என்றாள் அம்மா. பிறகு குரலை இறக்கி, "ஏம்பா, நான் தப்பா புடிச்சிட்டனா? உன் வேல எதுனா கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

இல்லை, சரியாகத்தான் பிடித்தாய் என்று சொன்னேன்.

உள்ளே சார் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கூரை பாதி வரைக்கும் அச்சாகியிருந்தது. எழுந்து போய் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கினேன்.