காசு கொடுத்து வாங்கியவர்

புது மாப்பிள்ளை காசு கொடுத்து வாங்கிய வீடியோ கேம் மூன்றாவது நாளாக முரண்டு பிடித்தது. 'நீங்கள்தான் வாங்கினீர்களா? நிரூபியுங்கள்' என்று அதிலிருந்த திருட்டுத் தடுப்புப் பூட்டு ஒரே பாட்டைப் பாடியது. ரசீதைக் காட்டியும் மசியவில்லை.

பக்கத்தில், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான் அதே கேமில் ஏழாவது கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட இருக்கிற திருட்டுக் காப்பியைப் போட்டுக்குங்க மாப்ள. ஒரு கேள்வி கேக்காது."

"நேர்மையா வாங்கினவன் மச்சான் நான். எனக்கு எதுக்குத் திருட்டுக் காப்பி? இந்தப் பூட்டைச் செஞ்சவன் ஒரு தடவையாவது காசு குடுத்து வாங்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், நாம படுற பாடு."

மச்சான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செஞ்ச கையோட ஒண்ணு வாங்கிப் பாத்தேன் மாப்ள. என்னையே உள்ள விடல."