முகூர்த்தத்துக்கு யார் வாசிப்பது?

"சாயங்காலம் ரிசப்ஷன்ல எவ்ளோ நேரம் வேணாலும் வாசிங்க டீச்சர். முகூர்த்தத்துக்கு மட்டும் வேணாங்க."

இதைச் சொன்ன வெற்றிவேல் கூடத்திலிருந்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டில் ஓரத்தில் அவர் மனைவி திரௌபதி. பாடம் நடத்தும் பாயில், மடியில் சாக்ஸபோனோடு அனுசியா. ஊருக்கே அவள் டீச்சர்தான். பக்கத்தில், சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த சண்முகப்ரியா.

"ஏன்னு சொல்லிடுங்க" என்றாள் அனுசியா.

செராமிக் சூளையில் நூறு பேரை வேலை வாங்கும் வெற்றிவேல் மனைவி பக்கம் திரும்பினார். திரௌபதிதான் சொன்னாள்.

"தனபால் அண்ணன் இருந்த வரைக்கும் யாராச்சும் இதைக் கேட்டாங்களா? பூ வெக்காதவங்க வாசிச்சு எங்க வூட்டுல தாலி ஏறினா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"நான் பூவால ஊதலைங்க. மூச்சாலதான் ஊதறேன்."

வெற்றிவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டு, திட்டக்குடி நாதஸ்வரக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது என்றும், டீச்சர் பின்வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

இருபது வருஷமாகச் சேத்தியாத்தோப்பு முதல் மங்கலம்பேட்டை வரை அனுசியா வாசிக்கத் தாலி ஏறாத தெரு இல்லை. புருஷன் தனபால் இறந்துபோன பிறகு முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவது நின்றது. அப்புறம் ரிசப்ஷனும் நின்றது. பாடத்துக்கு வந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இந்தக் கல்யாணத்திலும் ஒதுங்கிவிட்டால், இனி ஒருவரும் அவளைத் தாம்பூலம் வைத்து வாசிக்கக் கூப்பிடப்போவதில்லை.

"வாசிச்சா முகூர்த்தத்துக்குத்தான் வாசிப்பேன்" என்றாள்.

வெற்றிவேல் சண்முகப்ரியா பக்கம் திரும்பினார். "நீயாச்சும் எடுத்துச் சொல்லும்மா. இவங்க புடிவாதத்துல ஒரு நல்ல காரியம் கெட்டுடப் போவுது."

"யோசிச்சு எழுதிப் போடறோங்க" என்றாள் அவள்.

அவர்கள் வண்டி தெருவைத் தாண்டியதும் அனுசியா வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தாள். அதுவரை நிமிர்ந்திருந்த குரல் தணிந்தது.

"விடு, நான் பின்னாலயே ஒக்காந்துடறேன். போன் போட்டுச் சரின்னுடு."

"போன்ல சொன்னா பேசிப் பேசியே கரைச்சிடுவாங்க. எழுதினாத்தான் நிக்கும்."

சண்முகப்ரியா தாளை எடுத்தாள். 'என் கழுத்தில் தாலி ஏறும்போது என் அம்மாதான் வாசிப்பார்கள். சம்மதமில்லை என்றால் உங்கள் மகனுக்கு வேறு பெண் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி, உறையை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.