இறங்கிக்கொண்டே வந்த எண்

டயாலிசிஸ் பிரிவின் நீர்ச் சோதனை அறையில், கடத்துத்திறன் மீட்டரின் முனையைப் பரிசோதகி பீக்கரிலிருந்து தூக்குகிறாள். சளி போன்ற ஒரு நூல் அறாமல் கூடவே நீள்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அது பச்சையாகப் பளபளக்கிறது. வாரக்கணக்கில் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் எழுகிறது. "அண்ணே, இதைக் கடைசியா எப்ப கழுவுனீங்க?" "எதுக்கும்மா கழுவணும்? எந்நேரமும் தண்ணியிலதானே கிடக்குது," என்கிறார் நீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை ஓட்டுபவர். "எருமையும்தான் தண்ணியில கிடக்குது." "மீட்டர்ல நம்பர் தினமும் இறங்கிட்டே வந்துச்சும்மா. தண்ணி அவ்வளவு சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அவள் முனையைத் திருப்பிக் காட்டுகிறாள். உள்ளே எதிரெதிராக இரண்டு சிறு தகடுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் வழியே மின்சாரம் பாய வேண்டும். நீரில் உப்பு கூடினால் பாய்ச்சலும் கூடும், எண்ணும் ஏறும். தகடுகளைப் பாசி போர்த்திவிட்டால் மின்சாரம் தடைபடும், எண் இறங்கும். மீட்டர் அழுக்காக ஆக, கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீராகத் தெரியும். அவள் சோப்புக் கரைசலில் முனையை ஆட்டுகிறாள். வழவழப்பு தோல் தோலாக உரிந்து மிதக்கிறது. அலசி, அளவு தெரிந்த உப்புக் கரைசலில் மீட்டரைச் சரிபார்த்துவிட்டு, இன்றைய தண்ணீரில் முக்குகிறாள். எண் ஏறுகிறது, நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் நீருக்கான எல்லையைத் தாண்டியும் ஏறுகிறது.

செவிலி கதவருகே எட்டிப் பார்க்கிறாள். "எல்லாரும் படுத்தாச்சு. ஊசி போட்டு மெஷின்ல இணைக்கலாமா?"

"யாருக்கும் போடாதீங்க சிஸ்டர்."

"அப்ப நேத்து இதே தண்ணியில டயாலிசிஸ் பண்ணிக்கிட்டவங்க?" என்கிறார் இயந்திரக்காரர். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கழுவுதொட்டியின் மேல் குனிகிறார்.