ஆஸ்பத்திரிப் பட்டியல்

“ஏலே ஆனந்தா, நம்ம ஆபீஸ்ல பதினாலு பேருக்கும் ஒரே நேரத்துல என்னலே சீக்கு?”

முதலாளி கோமதிசங்கர் அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையிலிருந்த ரிப்போர்ட்டை மேஜையில் போட்டார். ஆனந்தகுமார் அதை எட்டிப் பார்த்தான்.

சங்கரன்கோவில் சேலைகளை ஆன்லைனில் ஊர் ஊராக அனுப்பும் மலர்க்கொடி டெக்ஸில், பதினாலு கம்ப்யூட்டருக்கும் அவன்தான் பொறுப்பு. ஆபீஸ் நேரத்தில் யார் எந்த வெப்சைட்டைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, முதலாளி போன மாதம்தான் ஒரு பெட்டியை வாங்கி மாட்டியிருந்தார். ஆபீஸில் அதற்கு ‘வடிகட்டி’ என்று பெயர். வேண்டாததைத் தடுக்கும், பூட்டுப் போட்டு வருகிற தகவலைக்கூடத் திறந்து பார்த்து, மறுபடி பூட்டி அனுப்பிவிடும். பேங்க்கும் ஆஸ்பத்திரியும் மட்டும் விதிவிலக்கு. அதெல்லாம் அவரவர் சொந்த விஷயம், திறக்கக் கூடாது என்று பெட்டி மாட்ட வந்தவர்களே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இரண்டிலும் எத்தனை தடவை என்ற கணக்கு மட்டும் ரிப்போர்ட்டில் வரும். யார், என்ன என்பது வராது.

அந்த ஒரு சந்து போதாதா? முதலில் பில் போடும் ஷீலா வந்தாள். “அண்ணே, மத்தியானம் சோறு திங்கும்போது மட்டும் சீரியல் பாக்கேன். எம் பேரு வந்துராம பாத்துக்கிடுங்க” என்றாள். பாவம் என்று சீரியல் சைட்டை ஆஸ்பத்திரிப் பட்டியலில் சேர்த்துவிட்டான். அடுத்து பார்சல் அனுப்பும் முகம்மது சாதிக், கிரிக்கெட் ஸ்கோருக்காக வந்து நின்றான். அதையும் சேர்த்தான். மூன்றாவதாக, யாரும் கேட்காமலேயே ஒரு வேலைவாய்ப்பு சைட்டைச் சேர்த்தான். அது அவனுக்காக.

சிவகிரியில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத்தான் பதினெட்டாயிரம் சம்பளம் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, ‘தென் மாவட்டத்தின் முன்னணி நிறுவனத்துக்கு, பூட்டிய தகவலையும் திறந்து சோதிக்கத் தெரிந்த சிஸ்டம் ஆள் தேவை; சம்பளம் முப்பதாயிரம்’ என்று மதுரை ஏஜென்சி ஒன்று விளம்பரம் போட்டது. இப்போது வேலை பார்க்கும் இடத்தின் பெயரைப் போடாமல் உடனே விண்ணப்பித்தான். இன்று காலை பதிலும் வந்துவிட்டது. நாளை பத்து மணிக்கு இன்டர்வியூ. இடம் மாலையில் தெரிவிக்கப்படும்.

“காலம் அப்படி இருக்கு அண்ணாச்சி. சுகரு, பிரஷரு…” என்று இழுத்தான்.

“தெனமும் எரநூறு தடவை ஆஸ்பத்திரியப் பாக்காவ. போன வியாழக்கிழமை மட்டும் ஐநூறு. அன்னைக்கு என்னலே ஆச்சு?”

அன்று இந்தியா ஆடிய மேட்ச். அதைச் சொல்ல முடியுமா?

“அன்னைக்கு வெயிலு சாஸ்தி அண்ணாச்சி.”

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “பெட்டி வாங்கி ஒரு மாசம் ஆச்சு. ஒருத்தன் பேரக்கூட நீ புடிச்சுத் தரல. இங்கன உக்காந்துக்கிட்டு வேற வேலை தேடுதவன் எவனாச்சும் இருந்தா மொதல்ல சொல்லு. சோறு போடுத எடத்துக்குத் துரோகம் பண்ணுதவன ஒரு நிமிசம் வச்சிருக்க மாட்டேன்.”

“நம்மகிட்ட அப்படி யாரும் கிடையாது அண்ணாச்சி” என்று முந்திக்கொண்டு சொன்னான். ஆனாலும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? “அண்ணாச்சி… நாளைக்கு எனக்கு ஒரு நாள் லீவு வேணும்.”

“எதுக்கு?”

அவசரத்துக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. “ஆஸ்பத்திரிக்குப் போணும்.”

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அரை நாள் கேட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷர் அவர். ஆனால் அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

“தாராளமாப் போயிட்டு வாலே! ஒடம்புதான மொதல்ல?”

“மத்தியானத்துக்கு மேல வந்துருதேன் அண்ணாச்சி.”

“வேண்டாம், வேண்டாம். நாள் பூரா வீட்டுல படு. இந்தப் பக்கமே தல காட்டப்பிடாது, சொல்லிட்டேன்.”

“சம்பளம்…”

“அதெல்லாம் புடிக்க மாட்டேன். நிம்மதியாப் போ மக்கா.”

நாலு வருஷத்தில் அண்ணாச்சி அவனை மக்கா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஆனந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவர், “சரி சரி, கதவச் சாத்திட்டுப் போ” என்று அவசரமாகப் போனை எடுத்துவிட்டார்.

வெளியே சாதிக் காத்திருந்தான். “என்னடே, மாட்டிக்கிட்டோமா?”

“தங்கமான மனுஷன்டே அவரு. நாமதான் அவர ஏமாத்துதோம்” என்றபடி ஆனந்தகுமார் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

இப்படிப்பட்ட முதலாளியை விட்டுவிட்டு எவனோ ஒருவனிடம் போய்க் கைகட்டி நிற்பதா? சிவகிரிக்காரர் பெண் கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் போகட்டும். இன்டர்வியூவுக்கு வர முடியாது என்று ஏஜென்சிக்கு எழுதிவிடத் தீர்மானித்து மெயிலைத் திறந்தான்.

ஏஜென்சியிடமிருந்தே புதிதாக ஒரு மெயில் வந்திருந்தது.

‘இன்டர்வியூ நடைபெறும் இடம்: மலர்க்கொடி டெக்ஸ், ராஜபாளையம் சாலை, சங்கரன்கோவில், முதலாளி அறை. இப்போது அந்த வேலையில் இருப்பவர் நாளை லீவு என்று சற்று முன்தான் உறுதியானது. விஷயம் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.’